மொழிபெயர்க்காத சந்தேகம்

எங்கள் வீட்டில் எனக்குச் சந்தேகப் பிராணி என்று பெயர். அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் கிடையாது. மலேசியாவின் கெடா மாநிலத்தில் குருண் என்கிற ஊரில் ஒரு தொழிற்சாலையில் தரச் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். சந்தேகப்படுவதற்கென்றே மாதாமாதம் சம்பளம் வாங்குகிற ஆள். வெளியிலிருந்து ஆடிட்டர் வருகிறார் என்றால் முதல் நாளே தரை மினுமினுக்கும். யாரும் போடாத முகக்கவசம் எல்லார் முகத்திலும் ஏறிவிடும். பொறுக்கியெடுத்த நல்ல சாமான்கள் மட்டும் அவர் கைக்கு எட்டுகிற தட்டில் வந்து உட்கார்ந்துகொள்ளும். அவரும் அளந்து பார்த்து, திருப்தியாகத் தலையாட்டி, பசியாறிவிட்டுக் கிளம்புவார். இத்தனை வருடம் இதைப் பார்த்த பிறகும் ஒருத்தி எதையாவது சுலபமாக நம்பினால் அவளுக்குத்தான் ஏதோ கோளாறு என்பேன்.

ஆகவே என் அக்கா போன் பண்ணி, "பல்கலைக்கழகத்துலேர்ந்து வர்றாங்களாம்டி. நம்ம கெணத்துத் தண்ணிய டெஸ்ட் பண்ணப் போறாங்களாம். நீயும் வந்து கேளு" என்றதும் எனக்கு முதலில் தோன்றியது இதுதான்: இவர்களுக்கு நம்மிடமிருந்து என்ன வேண்டுமாம்?

அக்கா இருப்பது குருணிலிருந்து மோட்டார் சைக்கிளில் அரைமணி நேரம் உள்ளே போகும், பாமாயில் எடுக்கிற ஒரு செம்பனைத் தோட்டத்தில். அத்தான் இறந்த பிறகு தோட்டத்துக்காரர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீட்டில் தனியாக இருக்கிறாள். மகள் ஜொகூரில் புருஷன் பிள்ளைகளோடு. என்னோடு வந்துவிடு என்று நான் கூப்பிடாத தீபாவளி இல்லை. வரிசை வரிசையாக ஒட்டிக் கட்டிய உன் தாமான் வீட்டில் மூச்சு முட்டுகிறது என்பாள். முன்பு மண்வெட்டி பிடித்து, பூச்சி மருந்தும் அடித்துக்கொண்டிருந்தவள், இப்போது உதிர்ந்த பழம் பொறுக்குகிறாள். கால் இருக்கும்வரை பொறுக்குவேன் என்பாள். அந்தக் கால்தான் பிரச்சினை.

இரண்டு பாதமும் எரிந்தது. ஊசி ஊசியாகக் குத்துகிறது என்பாள். போர்வை விளிம்பு பட்டாலே வாய்விட்டுக் கத்துவாள். உள்ளங்கையில் மிளகு மிளகாகக் கெட்டி முடிச்சுகள். மண்வெட்டி பிடித்த காய்ப்பு என்று நினைத்தால், மண்வெட்டியை விட்டு வருடமாகியும் அது பரவிக்கொண்டே இருந்தது. கிளினிக்கில் சர்க்கரை பார்த்தார்கள். இல்லை. ஒரு களிம்பு, ஒரு சத்து மாத்திரை, வயசாகிறது என்ற அறிவுரை. அதைச் சொன்ன டாக்டருக்கு அக்காவின் மகள் வயதுகூட இருக்காது. அக்காவுக்கு ஐம்பத்தைந்து தாண்டவில்லை. இந்தக் கால் ஏன் இப்படி ஆகிறது என்று யாராவது ஒருவர் சொல்லிவிட மாட்டார்களா என்பதுதான் எங்கள் இருவருக்கும் அப்போது இருந்த ஒரே கவலை.

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். கெடாவில் குழாய்த் தண்ணீர் என்பது நினைத்தால் வரும், நினைத்தால் போகும். மூன்று நாள் நான்கு நாள் கூட வராது. தோட்டத்துக்கு வருகிற குழாயோ வரிசையில் கடைசி. தண்ணீர் நின்றால் லயத்துக்குப் பின்னால் இருக்கும் பழைய கிணறுதான். காய்ச்சிக் குடித்தால் என்ன வந்துவிடப் போகிறது என்று எல்லாரும் குடிப்பார்கள். அக்கா குழாயில் வரும்போதும் அதையே குடிப்பாள். தேத்தண்ணி அதில் போட்டால்தான் வாய்க்கு விளங்குகிறதாம்.

கூட்டம் கோயில் மண்டபத்தில். வந்தவர்களில் பேசியது ஒரு இளம்பெண். முப்பது வயதிருக்கும். ஆராய்ச்சியை நடத்துகிறவளே அவள்தான். வாயைத் திறந்ததுமே சிலோன் தமிழ் என்று தெரிந்தது. அலோர் ஸ்டாரில் வளர்ந்தவளாம். மண்டபத்தில் பாதிப் பேர் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். எங்கள் தாத்தா காலத்தில் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி, ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரெஸ்ஸர் எல்லாம் அவர்கள் ஆட்கள்தான். அன்றைய வேலைக்குப் பேர் போடுவதும் பேர் அடிப்பதும் அவர்கள் கையில் இருந்தது. அந்த உத்தியோகங்கள் போய் எத்தனையோ காலமாயிற்று. இந்தப் பெண் மேல் அதற்காகக் கோபப்பட ஒன்றுமில்லை. ஆனாலும் முதுகு தானாக நிமிர்கிறது, என்ன செய்ய.

"இது எங்கட ஆராய்ச்சி இல்லை. உங்கட ஆராய்ச்சி" என்றாள். "நீங்களே சேம்பிள் எடுப்பீங்கள். நாங்கள் லேப்ல பாத்து, ரிசல்ட்டை முதல்ல உங்களுக்குத்தான் தருவம். பிறகு எல்லாத்தையும் இன்டர்நெட்ல திறந்து போடுவம். பேர் இருக்காது, நம்பர் மட்டும்தான். ஆரும் பாக்கலாம். காசு இல்லை, பாஸ்வேர்ட் இல்லை."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. நன்றாக இருப்பதுதான் எனக்குப் பிடிக்காது. எனக்கு ஒரு பழைய கணக்கு இருந்தது. முன்பு ஒரு தடவை வேறு ஒரு கூட்டம் வந்து, மருந்தடிக்கும் பெண்களிடம் ரத்தம் எடுத்துக்கொண்டு போனது. அக்காவும் கை நீட்டினாள். ஆளுக்கொரு மைலோ பாக்கெட்டும் ஒரு துவாலையும் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு அவர்களைக் கண்ணால் காணவில்லை. வெகுகாலம் கழித்து அந்த ஆராய்ச்சிக் கட்டுரையை இணையத்தில் கண்டுபிடித்தேன். கெடா, தோட்டத்துப் பெண்கள், மருந்து, எல்லாம் தலைப்பிலேயே இருந்தது. உள்ளே போகலாம் என்று தட்டினால் ஒரு பூட்டுப் படம். படிக்க வேண்டுமானால் கிரெடிட் கார்டு எண்ணைப் போடு என்றது. என் அக்காவின் ரத்தத்தைப் பற்றி வெளிநாட்டில் யாரோ படிக்கலாம், நான் படிக்கக் கூடாது. அன்றைக்கு வந்த ஆத்திரம் இன்றைக்கும் ஆறவில்லை.

அதனால் எழுந்து நின்று கேட்டேன். "இதுல உங்களுக்கு என்னா லாபம், மிஸ்?"

கோயில் தலைவர் என்னைப் பார்த்து முறைத்தார். விருந்தாளியிடம் கேட்கிற கேள்வியா என்று அர்த்தம்.

அவள் சிரிக்கவில்லை. "எனக்கு வேலை நிரந்தரம் ஆகும். கட்டுரையில பேர் வரும். அது என்ர லாபம். அதை நான் மறைக்கேல்ல" என்றாள். அந்தப் பதிலில் எனக்குக் கொஞ்சம் மதிப்பு வந்தது. லாபமே இல்லை என்று சொல்லியிருந்தால் அக்காவை அங்கேயே கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருப்பேன்.

பிறகு விளக்கினாள். நிலத்தடித் தண்ணீரில் சில இடத்தில் ஆர்சனிக் இருக்குமாம். யாரும் கலப்பதில்லை, பாறையிலிருந்தே கசிவதாம். ஆர்சனிக் என்றால் என்ன என்று ஒருவர் கேட்க, பாஷாணம் என்றாள். மண்டபம் சலசலத்தது. காய்ச்சினாலும் அது போகாது என்றாள். தண்ணீரை ஒரு நாள் எடுத்துப் பார்த்தால் அன்றைக்கு எப்படி இருந்ததோ அதைத்தான் சொல்லும், மழைக்கு ஒரு மாதிரி வெயிலுக்கு ஒரு மாதிரி. உடம்புக்குள் போயிருக்கிறதா என்று தெரிய தலைமுடியைப் பார்க்க வேண்டும். முடியில் பல மாதத்துக் கதை இருக்கும். ஆகவே ஒவ்வொருவரும் பின்னந்தலையில், வேரோடு ஒட்டினாற்போல், சுண்டு விரல் கனத்துக்கு ஒரு கொத்து முடி வெட்டி உறையில் போட்டுக் கொடுக்க வேண்டும்.

சலசலப்பு நின்றுவிட்டது. பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சுண்டு விரல் கனம் என்றதும் அழகு போய்விடுமே என்று கவலைப்படுகிறார்களாக்கும் என்று நினைத்தேன். அந்தப் பெண்ணும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். வெளியில் தெரியாது, உள்பக்கமாக வெட்டலாம் என்று தன் தலையிலேயே காட்டினாள். உறையும் கத்தரியும் வீட்டுக்கு வீடு கொடுத்தார்கள். நாங்கள் யாரும் மேற்பார்வை பார்க்க வரமாட்டோம், உங்கள் மேல் எங்களுக்கு நம்பிக்கை இருக்கிறது என்றாள். அப்போதே என் தொழில்புத்தி உறுத்தியது. மேற்பார்வை இல்லாத சாம்பிளை எந்த ஊரில் ஏற்றுக்கொள்வார்கள்? ஆனால் இது மக்கள் ஆராய்ச்சி என்றார்கள். மக்களுக்கு மேற்பார்வை போட்டால் அப்புறம் என்ன மக்கள் ஆராய்ச்சி என்று விட்டுவிட்டேன்.

சொன்னபடியே திரும்பி வந்தார்கள். அதுவே எனக்கு அதிசயம். மறுபடி அதே மண்டபம், ரோஸ் கலர் சர்பத், பிஸ்கட். ஆளுக்கொரு தாள், தமிழிலும் மலாயிலும். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வட்டம் போட்டிருந்தார்கள். கிணற்றுத் தண்ணீர் மழைக்காலத்தில் எடுத்ததில் எல்லையை ஒட்டித்தான் இருந்தது, நல்லது என்றும் சொல்ல முடியாது கெட்டது என்றும் சொல்ல முடியாது. ஆனால் கோயிலுக்கு அந்தப் பக்கத்து லயத்தில் சில பேருக்குச் சிவப்பு. அவர்களையெல்லாம் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப அங்கேயே ஏற்பாடு செய்தார்கள். அந்த லயத்துக்கு முதலில் வடிகட்டித் தொட்டி வரும் என்றும் அறிவித்தார்கள்.

அக்காவின் லயம் முழுக்கப் பச்சை.

பெண்கள் கைதட்டினார்கள். அக்கா அந்தத் தாளை விசிறி மாதிரி ஆட்டிக்கொண்டு என்னிடம் வந்தாள். "பாத்தியாடி? எனக்கு ஒன்னும் இல்லயாம். எங்க கெணறு சுத்தமா இருக்கு. நீதான் எதுக்கெடுத்தாலும் மூக்குல வேர்த்துக்கிட்டு நிக்கிற."

நான் தாளைப் பார்க்கவில்லை. அதைப் பிடித்திருந்த கையைப் பார்த்தேன். முடிச்சுகள் விரல் நுனிவரை வந்திருந்தன. அந்தப் பெண் காட்டிய படங்களில் ஒன்று இதே கை மாதிரி இருந்தது. தாள் ஒன்று சொல்கிறது, கை ஒன்று சொல்கிறது. எதை நம்புவது? தாளை எழுதியவர்களை நான் ஏற்கெனவே நம்பவில்லை.

அடுத்த வாரம் கேண்டீனில் உட்கார்ந்து, அவர்கள் கொடுத்த முகவரியைப் போனில் தட்டினேன். பூட்டு வரும் என்று எதிர்பார்த்தேன், உண்மையைச் சொன்னால் வரட்டும் என்றே ஆசைப்பட்டேன். வரவில்லை. எல்லாம் திறந்து கிடந்தது. தண்ணீர் அட்டவணை, முடி அட்டவணை, எந்தக் கருவியில் பார்த்தார்கள், முடியை எப்படிக் கழுவினார்கள் என்பதுவரை. தமிழ் விளக்கம் நல்ல தமிழ். நாசி லெமாக் ஆறிப் போகும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்காவின் தாளில் இருந்த நம்பரைத் தேடிக் கண்டுபிடித்தேன்; நம்பர்கள் வீட்டு வரிசைப்படி இருந்தன. அதற்குக் கீழே பக்கத்து வீட்டு நம்பர். அதற்கும் கீழே அடுத்தது. அந்த லயம் முழுக்க விரலால் இழுத்துப் பார்த்தேன். ஆர்சனிக்குக்கு மட்டும் இல்லை, இன்னும் என்னென்னவோ உலோகங்களுக்கும் கட்டம் போட்டிருந்தார்கள். எல்லாக் கட்டத்திலும் எல்லாருக்கும் ஏறக்குறைய ஒரே எண். கடைசிப் புள்ளியில் கொஞ்சம் முன்னே பின்னே. அவ்வளவுதான். அறுபது வயதுக் கிழவிக்கும் போன வருடம் கல்யாணமாகி வந்த பெண்ணுக்கும் ஒரே உடம்பு!

இந்த மாதிரி எண்களை நான் தொழிலில் பார்த்திருக்கிறேன். சோம்பேறி ஒருத்தன் ஒரு டப்பாவை மட்டும் அளந்துவிட்டு, மீதி டப்பாக்களுக்குக் கடைசிப் புள்ளியை மட்டும் மாற்றி மாற்றி எழுதினால் இப்படித்தான் வரும். பிடித்துவிட்டேன் கள்ளனை என்று நினைத்தேன். ஒருத்தி முடியைப் பார்த்துவிட்டு லயத்துக்கே பச்சை அடித்திருக்கிறார்கள். தோட்டத்து ஆட்கள்தானே, யார் உட்கார்ந்து எண்ணைப் பார்க்கப் போகிறார்கள் என்ற இளக்காரம். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் உள்ளே ஒரு சந்தோஷமும் இருந்தது. நான் நினைத்தது சரியாகப் போய்விட்ட சந்தோஷம்.

அந்தப் பெண்ணுக்குப் போன் அடித்தேன். கத்துவதற்காகத்தான் அடித்தேன். அவள் கேட்டுவிட்டு, "நேரில வாறன் அக்கா" என்றாள். சனிக்கிழமை குருணில் மாமாக் கடை என்கிற முஸ்லிம் தேநீர்க் கடையில் மடிக்கணினியோடு வந்து உட்கார்ந்தாள். தனியாக வந்திருந்தாள்.

"நீங்க ஒன்னப் பாத்துட்டு மத்ததுக்குக் காப்பி அடிச்சிருக்கீங்க" என்றேன் நேராக.

"இல்லை அக்கா. எனக்கும் அந்த எண்களைப் பாத்த உடனே சந்தேகம் வந்தது. திருப்பி ஒருக்கா லேப்ல குடுத்துப் பாத்தம். அதே எண்தான் வந்தது." கணினியை என் பக்கம் திருப்பினாள். இரண்டு நாள் பதிவு, இரண்டு ஆட்கள் பெயர், எடை எல்லாம் தனித்தனி. பொய் இப்படி எழுதாது. பொய் எழுதுகிறவன் இவ்வளவு வேலை செய்யமாட்டான். அது எனக்கே தெரிந்தது.

"அப்ப எப்படி மிஸ் ஒரே மாதிரி வரும்?"

அவள் தேநீரைக் கலக்கினாள். கலக்க வேண்டியதே இல்லை, மாமா நுரை பொங்க ஆற்றித்தான் கொடுத்திருந்தார். "ஒரே ஆளின்ர முடியா இருந்தா வரும்" என்றாள். "இன்னும் ஒண்டு. அந்த லயத்து முடியில எல்லாம் கறுப்புச் சாயம் இருக்குது."

அக்கா சாயம் அடித்துக்கொள்கிற ஆள் இல்லை. காதோரம் நரைத்துக் கிடக்கும். அதுவரை மேசைக்கு அந்தப் பக்கம் காட்டிக்கொண்டிருந்த விரலை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"தெரிஞ்சா ஏன் சொல்லல?" என்றேன். குரல் இறங்கித்தான் வந்தது.

"எழுதியிருக்கிறம் அக்கா." பக்கத்தை ஆங்கிலத்துக்கு மாற்றி, அட்டவணைக்கு அடியில் ஓர் அடிக்குறிப்பைக் காட்டினாள். எறும்பு எழுத்து. இந்த லயத்து மாதிரிகள் ஒரே மூலத்திலிருந்து வந்திருக்கலாம், முடிவுகளை எச்சரிக்கையோடு அணுகவும் என்கிற அர்த்தத்தில் இருந்தது. தமிழ்ப் பக்கத்துக்கு மாற்றினாள். அது இல்லை. மலாய்ப் பக்கத்திலும் இல்லை.

"இது ஏன் தமிழ்ல இல்ல?"

அவள் முகம் சிவந்தது. "நீங்கள் ஏமாத்தினீங்கள் எண்டு உங்களிட்டயே எப்படிச் சொல்லுறது? மக்களை நம்புறம் எண்டு சொல்லித்தானே வந்தனாங்கள். சனம் மனம் நோகும் எண்டு விட்டிட்டம்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மரியாதையாம்! எல்லாவற்றையும் எங்களுக்காக அழகான தமிழில் மாற்றித் தந்தவர்கள், சந்தேகத்தை மட்டும் தங்களுக்குள் ஆங்கிலத்தில் வைத்துக்கொண்டார்கள். எங்கள் கையில் கொடுத்த தாளில் பச்சை வட்டம். உலகத்துக்கு எழுதியதில் இதை நம்பாதே. பூட்டுப் போட்ட கட்டுரையாவது வெளிப்படையாகப் பூட்டுப் போட்டிருந்தது.

"அந்தப் பச்சயப் பாத்துட்டு எங்கக்கா இன்னும் அந்தத் தண்ணியத்தான் குடிக்கிறா" என்றேன். அவள் கண் கலங்கிவிட்டது. நான் தேற்றவில்லை. மறுநாளே போய் விசாரிக்கிறேன், புது முடி வாங்கித் தருகிறேன் என்று மட்டும் சொன்னேன். முடி கிடைக்காவிட்டால் கால் நகமும் போதும், அதிலும் அதே கதை இருக்கும் என்று சொல்லி, ஒரு உறையும் சுத்தம் செய்த நகவெட்டியும் கையில் கொடுத்தாள். வாங்கிக்கொண்டேன். அவளுக்கு அப்போதும் புரியாத ஒரு கேள்வி இருந்தது. "ஏன் அக்கா, சனம் சொந்த முடியைக் குடுக்கேல்ல?" எனக்கும் தெரியவில்லை என்று சொன்னேன். உண்மையில் பாதி ஊகித்துவிட்டேன். அவளிடம் சொல்ல வெட்கமாக இருந்தது.

மறுநாள் மோட்டாரில் தோட்டத்துக்குப் போகும்போது வழியெல்லாம் அக்காவைத் திட்டிக்கொண்டே போனேன். அவள் வீட்டுக்குப் பக்கத்து வீட்டு அம்மாவிடம்தான் முதலில் மாட்டினேன். துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். யார் முடியைக் கொடுத்தீர்கள் என்று நேராகக் கேட்டதும் மழுப்பாமல் சிரித்துவிட்டாள்.

"ஒங்கக்கா சவுரி இருக்கில்ல, அதுதான்லா. ஆளுக்குக் கொஞ்சம் வெட்டிக் குடுத்துட்டோம்."

அந்தச் சவுரி எனக்குத் தெரியும். அக்கா மகள் கல்யாணத்துக்குப் பினாங்கில் வாங்கியது, இடுப்புவரை நீளம். அதற்குப் பிறகு லயத்தில் எந்தக் கல்யாணம், எந்தத் திருவிழா என்றாலும் அதுதான் தலைக்குத் தலை மாறும். லயத்துப் பொதுச் சொத்து.

"ஏன்க்கா இப்படிப் பண்ணீங்க?"

"பின்ன? முடிய எப்படிம்மா குடுக்கிறது? முடி, நகம், காலடி மண்ணு, இதெல்லாம் வெளி ஆளுகிட்ட குடுக்கிற சாமானா? செய்வின வச்சுட்டா என்னா பண்ணுவ? அந்தப் பொண்ணு நல்ல பொண்ணுதான். அவ கையில இருந்து எவ கைக்குப் போவுதோ, எவனுக்குத் தெரியும்? கோவில் அந்தப் பக்கத்து லயத்துல சவுரி இல்ல. அவுங்க குடுத்துட்டாங்க. அவுங்களுக்குத்தான் செவப்பு வந்துச்சு பாரு" என்றாள், தாங்கள் தப்பித்துக்கொண்ட சாமர்த்தியத்தில்.

சீவினால் உதிர்கிற முடியைச் சுருட்டி மூன்று தடவை துப்பித்தான் வெளியில் போடுவோம். நானும் இன்றுவரை அப்படித்தான் போடுகிறேன், தாமான் வீட்டில், குப்பை லாரிக்காரனுக்கு. இதை எந்தக் கூட்டத்திலும் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் வெளியாளிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆராய்ச்சிக்காரர்களையே சந்தேகப்பட்டு, எங்கள் ஆட்களைச் சந்தேகப்படாமல் விட்டுவிட்டேனே என்று எனக்கு என் மேலேயே எரிச்சல் வந்தது.

அக்கா வீட்டுக் கதவு திறந்திருந்தது. உள்ளே போன நான் வாசற்படியிலேயே நின்றுவிட்டேன். அக்கா மொட்டை. தலை முழுக்கச் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது.

"வாடி" என்றாள் முகமெல்லாம் பல்லாக. "முந்தாநாத்துதான் சுங்கைப்பட்டாணி கோயில்ல குடுத்துட்டு வந்தேன். காலு நல்லாவணும்னு வேண்டிக்கிட்டிருந்தேன்ல. ரிசல்ட்டும் நல்லபடியா வந்துருச்சு. அதான், கடன வைக்கக் கூடாதுன்னு போயிட்டேன்."

ஒரு கொத்து கேட்டதற்குச் சவுரியை வெட்டிக் கொடுத்தவள், சவுரி கொண்டுவந்த நல்ல செய்திக்குத் தலை முழுவதையும் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. திட்டத்தான் செய்தேன். அடிக்குறிப்பு, சாயம், ஒரே மாதிரி எண்கள் எல்லாவற்றையும் சொல்லி, அந்தப் பச்சை உன்னுடையது இல்லை, சவுரிக்காரி எவளோ அவளுடையது என்று கத்தினேன். கிணற்றுத் தண்ணீரைத் தொடாதே என்றேன்.

அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். முகம் கொஞ்சம் வாடியது. பிறகு ஒரு குழந்தைக்குச் சொல்வது மாதிரி எனக்குச் சொன்னாள்.

"சரி, அவுங்க தாளு தப்பாவே இருக்கட்டும். எங்கால் பொய் சொல்லுமா? எரிச்சல் போயிருச்சுடி. ஊசி குத்தல் போயிருச்சு. நேத்து போர்வையப் போத்திக்கிட்டு விடிய விடியத் தூங்குனேன். முருகன் கண்ணத் தொறந்துட்டான். இதுக்கு என்னா சொல்ற?"

எரிச்சல் போனது நல்லதுதானே. சந்தேகப் பிராணியான எனக்கே ஒரு நிமிடம் நெஞ்சு லேசானது. அப்படியே இருந்துவிடக் கூடாதா என்று இருந்தது. இருந்தாலும் வாங்கி வந்த உறையை எடுத்தேன். நகம் மட்டும் கொடு, நான்தான் வெட்டுவேன், நானே கொண்டுபோய் அவள் கையில் கொடுப்பேன், வேறு ஒருத்தர் கை படாது என்றேன்.

"நகமா?" என்று முறைத்தாள். பிறகு, "ஒன்ன நம்பாம வேற யார நம்புறது, வெட்டித் தொல" என்று நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டினாள்.

தரையில் உட்கார்ந்து, காலை மடியில் வைத்துக்கொண்டு வெட்ட ஆரம்பித்தேன். நகம் தடித்து மஞ்சளித்திருந்தது. அக்கா கோயிலில் பார்த்த கூட்டத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள், மொட்டை அடித்துவிட்டவன் எப்படிக் கத்தி பிடித்தான், வரும் வழியில் எந்தக் கடையில் தோசை நன்றாக இருந்தது என்று. பெருவிரலில் நகவெட்டி வழுக்கியது. ஓரத்துச் சதையைச் சேர்த்துக் கடித்துவிட்டது. ரத்தம் குபுக்கென்று வந்து என் பாவாடையில் சொட்டியது.

நான் பதறி நிமிர்ந்தேன். அக்கா இன்னும் தோசையைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தாள். சட்னியில் புளி ஜாஸ்தி என்றாள். கால் அசையவே இல்லை. எரிச்சல் எங்கே போனது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

"என்னாடி அப்படிப் பாக்குற?" என்றாள். "வெட்டிட்டியா, இல்லயா?"